மரம் அறுக்குற மிஷினும் தீராத தலைவலியும்: பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது

பாலமேட்டுக்குப் பக்கம் எங்க ஊரு. 14 வருசமா மரம் வெட்டுற வேலைதான், நாலு பேரு செட்டு, ரெண்டு மிஷின். தோப்புல பட்டுப்போன தென்னை, வீட்டு ஓட்டு மேல சாஞ்சு நிக்கிற வேம்பு, ரோட்டோரப் புளியமரத்துல கிளை கழிக்கிறது, கண்மாய்க்குள்ள சீமைக்கருவேலம் ஏலம் எடுத்தவங்களுக்கு வெட்டிக் குடுக்குறதுன்னு அலங்காநல்லூர், வாடிப்பட்டி, சோழவந்தான், நத்தம் ரோடு இம்புட்டும் சுத்திக்கிட்டேதான் இருப்போம். இந்த வேலையில கை கால் போகும், மரம் மேல விழும்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்கு பயந்து கவனமாவும் இருப்போம். ஆனா மிஷின் புகைய பத்தி ஒருத்தரும் எங்களுக்கு சொன்னதே இல்ல. அதனாலதான் எழுதுறேன்.

எனக்கு ரொம்ப வருசமா சாயங்காலம் ஆனா தலைவலி. வேலை முடிஞ்சு குட்டியானைல கட்டையெல்லாம் ஏத்திட்டு உக்காந்தா ரெண்டு பொட்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், வாய் கசக்கும், வீட்டுக்கு வந்து சோத்தைப் பாத்தா கொமட்டும். வெயில்ல நிக்கிறோம்ல அதான்னு நெனைச்சுக்குவேன், பித்தம்னு சொல்லி எங்க அம்மா எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுக்கும், ஒரு தைலத்த தேச்சுட்டு படுத்தா காலையில சரியாயிரும், மறுபடி சாயங்காலம் வந்துரும். இப்ப யோசிச்சுப் பாத்தா ஒரு விசயம் அப்பவே கண்ணு முன்னாடி இருந்திருக்கு. மரம் ஏறி கயிறு கட்டுறது, கட்டை சொமக்குறதுன்னு மிஷின் பிடிக்காத நாள்ல அதே வெயில்லதான் நிப்பேன், ஆனா அன்னைக்கு தலைவலி வராது. வெயில் ரெண்டு நாளும் ஒரே வெயில்தான். மிஷின்தான் வித்தியாசம். அத நான் கவனிக்கவே இல்ல.

கவனிக்க வச்சது ஒரு கெணறு.

போன வருசம் பங்குனில ஒரு தோட்டத்துல பழைய வட்டக் கெணத்த தூர்வாரணும், அதுக்கு முன்னாடி கெணத்துச் சுவர்ல முளைச்சு பெருசாகிப் போன அரசமரத்த எடுத்துக் குடுங்கன்னு கூப்பிட்டாங்க. மேல இருந்து ஒரு 15 அடி கீழ, கல் இடுக்குல வேர் விட்டு தொடை தண்டிக்கு நின்னுச்சு. எங்க செட்டுல இருக்குற சின்னவன் ஒல்லியா இருப்பான், அவன் இடுப்புல கயிறு கட்டி எறக்கி, சின்ன மிஷின இன்னொரு கயித்துல கட்டி எறக்கி விட்டோம். ஒரு கால் மணி நேரம் அறுத்திருப்பான். நடுவுல மிஷின அமத்தவே இல்ல, ஐடில்ல ஓட விட்டுக்கிட்டே வேர இழுத்துப் பாக்குறது, மறுபடி அறுக்குறதுன்னு இருந்தான். மேல நிக்கிற எங்களுக்கே புகை நெடி வந்துச்சு, ஆனா யாருக்கும் ஒண்ணும் தோணல. திடீர்னு "அண்ணே, கண்ணு இருட்டுதுண்ணே"ன்னான். அவ்ளோதான், அடுத்த நொடி மிஷின் கையிலருந்து நழுவி கயித்துல தொங்குது, இவன் தலை தொங்கிப்போச்சு. இடுப்புல கயிறு இருந்ததால மூணு பேரும் சேந்து இழுத்து மேல போட்டோம். பக்கத்து வயல்ல நின்ன ஒருத்தர் ஓடி வந்து நான் எறங்கி தூக்கறேன்னு கால எடுத்து வச்சுட்டாரு, அவர புடிச்சு நிறுத்தினதுதான் அன்னைக்கு நாங்க செஞ்ச ஒரே புத்தியான காரியம். காத்து கெட்டுப்போன கெணத்துக்குள்ள ஒருத்தர காப்பாத்தப் போயி ரெண்டு மூணு பேரு சேந்து செத்த கதைய நம்ம ஊருப்பக்கம் கேக்காதவங்க இருக்க மாட்டாங்க.

மேல போட்டு கொஞ்ச நேரத்துல முழிச்சுட்டான், வாந்தி எடுத்தான், பேசுனான். ஒண்ணும் இல்லண்ணே வீட்டுக்குப் போறேன்னுதான் சொன்னான், நான்தான் கேக்காம டவுனுக்கு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போனேன். விரல்ல கிளிப் மாட்டுனாங்க, ஆக்சிஜன் 98ன்னு காட்டுச்சு. நான் அப்பாடான்னு மூச்சு விட்டேன். அந்த டாக்டர் அம்மா சொன்னாங்க, "இந்த 98ஐ நம்பாதீங்க, மோட்டார் புகை குடிச்சவங்களுக்கு இந்த கிளிப் சரியா காட்டாது, ரத்தம் எடுத்துதான் பாக்கணும்"னு. புகையில இருக்குற கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய எடத்துல போயி உக்காந்துக்குமாம், ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல கெட்டியா பிடிச்சுக்குமாம், ரெண்டும் கலர் ஒண்ணு போல இருக்குறதால விரல் மிஷினுக்கு எது எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. மாஸ்க் போட்டு முழு ஆக்சிஜன் குடுத்தா ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள பாதி எறங்கிரும், சும்மா வெளிக்காத்துல விட்டா அந்தப் பாதி எறங்கவே நாலஞ்சு மணி நேரம் ஆகும்னாங்க. அப்பதான் எனக்கு சுருக்குன்னுச்சு. சாயங்காலம் தலைவலி, காலையில சரியாகுறது. நான் 14 வருசமா பித்தம்னு நெனைச்சது இதுதான். எனக்கு ஒரே நாள்ல கண்ணு இருட்டல, தெனம் கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிருக்கேன்.

அந்த ராத்திரி தூக்கமே வரல. எங்க சித்தப்பா மகன் ஜெர்மனில ஒரு தோட்ட கம்பெனில வேலை பாக்குறான், பார்க்குல மரம் கழிக்கிறது, வேலி வெட்டுறதுன்னு அவனும் தெனம் மிஷின் பிடிக்கிறவன்தான். அவனுக்கு போன் போட்டு நடந்தத சொன்னேன். மொதல்ல நல்லா திட்டுனான். அப்புறம் கேட்டான், "அண்ணே, மிஷினுக்கு என்ன பெட்ரோல் போடுறீங்க?" பங்க்ல வாங்குற பெட்ரோல்தான்டா, டூடி ஆயில், அதான் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு பெட்ரோல்லயே கலந்து ஊத்துற ஆயில், அத கலந்துன்னேன். இங்க அத நாங்க தொடவே மாட்டோம்ணேன்னான்.

அவன் சொன்னத வச்சும், அப்புறம் நானா தேடிப் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டத சொல்றேன். நம்ம மிஷின்ல இருக்கிறது டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பழைய ஆர்எக்ஸ் 100ல இருந்த அதே கதைதான். எரிஞ்ச புகைய வெளிய தள்ளுறதுக்கு புதுசா வர்ற பெட்ரோல் காத்தத்தான் உள்ள விடும், அந்த நேரம் உள்ள வர்ற வாசலும் வெளிய போற வாசலும் ரெண்டும் சேந்து தொறந்திருக்கும், அதனால புதுசா வர்ற பெட்ரோல்ல நாலுல ஒரு பங்கு வரைக்கும் எரியாமலே சைலன்சர் வழியா அப்படியே வெளிய வந்துரும். பைக்னா புகை பின்னாடி போயிரும். இது மூஞ்சிக்கு ரெண்டு அடில இருக்கு. நாம போடுற பெட்ரோல்ல நாலுல ஒரு பங்க ஆவியா நம்ம மூக்குக்கே ஊத்திக்கிறோம்.

பங்க் பெட்ரோல் ஒரே சரக்கு கெடையாது, நூத்துக்கும் மேல வேற வேற பொருள் கலந்தது. அதுல ஒண்ணு பென்சீன். ரத்தப் புற்றுநோய் வர வைக்கிற பொருள்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி மையம் எப்பவோ மொதல் பட்டியல்ல சேத்துருச்சு. நம்ம நாட்டுல 2020 ஏப்ரல்ல இருந்து விக்கிற பிஎஸ்6 (வண்டிப் புகையக் கட்டுப்படுத்துற விதி) பெட்ரோல்ல பென்சீன் 1 சதவீதம் வரைக்கும் இருக்கலாம்னு விதி. கார்ல, நல்லா எரியிற இன்ஜின்ல, புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டர் தாண்டி போறதுக்கு அது பரவால்ல. எரியாம மூஞ்சில அடிக்கிற மிஷினுக்கு அது வேற கணக்கு.

இதுக்கு அங்க கண்டுபிடிச்சதுதான் ஆல்கைலேட் பெட்ரோல். ரீஃபைனரில வர்ற வாயுவ சேத்து சுத்தமா செய்யிற பெட்ரோல், பத்துப் பதினஞ்சு வகைப் பொருள்தான் இருக்கும், பென்சீன் 0.1 சதவீதத்துக்கும் கீழ. ஸ்வீடன்ல காட்டு வேலைக்காரங்க தலைவலி, கொமட்டல்னு நாம சொல்ற அதே கொறைய சொல்லி அதுலருந்துதான் இது வந்துச்சு, 1988ல ஆஸ்பென்ங்கிற பேர்ல கேன்ல விக்க ஆரம்பிச்சாங்க. இப்ப மரம் அறுக்குற மிஷின் செய்யிற ஸ்டில் கம்பெனி மோட்டோமிக்ஸ்னு விக்கிறாங்க, அதே மாதிரி மிஷின் கம்பெனியான ஹஸ்க்வர்னாவும் விக்கிறாங்க. 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்னு கலந்தே வரும், தொறந்தா ஊத்த வேண்டியதுதான், அளக்க வேண்டாம். எத்தனால் கெடையாது, கேன மூடி வச்சா வருசக்கணக்குல கெடாது. எங்க தம்பி சொன்னான், அண்ணே மிஷின் ஓடும்போது நெடியே இருக்காது, பழைய பெட்ரோல் போட்டவன் பத்தடி தள்ளி நின்னா மூக்குலயே தெரிஞ்சுரும்னு.

ஆனா ஒண்ணு, இத நல்லா கேட்டுக்கங்க. ஆல்கைலேட் போட்டாலும் கார்பன் மோனாக்சைடு வரும். பென்சீன் மாதிரி சமாச்சாரம்தான் கொறையும், இது எந்த பெட்ரோல் எரிஞ்சாலும் வரும், இதுக்கு நெடியும் கெடையாது நெறமும் கெடையாது. அதனால சுத்தமான பெட்ரோல்தானேன்னு கெணத்துக்குள்ளயும் மூடுன கொட்டகைக்குள்ளயும் கொண்டு போனா சின்னவனுக்கு ஆனதுதான் நமக்கும்.

சரி இங்க கெடைக்குமான்னு மதுரைல மிஷின் கடை ஒண்ணு விடாம கேட்டேன். பாதி பேருக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியல, ஒருத்தர் மட்டும் கம்பெனில கேட்டுச் சொல்றேன்னு நம்பர் வாங்கி வச்சிருக்காரு. கெடைச்சாலும் வெலை இடிக்கும். ஜெர்மனில லிட்டர் நாலஞ்சு யூரோவாம், நம்ம காசுக்கு 400, 500 ரூபாய். எங்க ரெண்டு மிஷினும் ஒரு நாளைக்கு நாலு லிட்டர் குடிக்கும், இப்ப 400 ரூபாய்ல முடியிறது 1,700, 1,800ன்னு போகும். எங்க கூலிக்கு அது தாங்காது. மரத்து மேல உக்காந்து மூஞ்சிக்கு நேரா பிடிக்கிற சின்ன மிஷினுக்கு மட்டும் ஒரு லிட்டர் வாங்கி வைக்கலாம்னு ஒரு கணக்கு போட்டு வச்சிருக்கேன். கெடைச்சு நீங்க போடுறதா இருந்தா பழைய மிஷின்ல மொதல்ல டியூப், சீல் எல்லாம் மாத்திருங்க, வருசக்கணக்கா பங்க் பெட்ரோல்ல ஊறி உப்பிப் போன ரப்பர் ஆல்கைலேட்டுக்கு மாறுனா சுருங்கி ஒழுகும்னு தம்பி சொன்னான். அப்புறம் பங்க்ல வெலை கூட விக்கிற பிரீமியம் பெட்ரோல இதுன்னு நெனைச்சு வாங்கிராதீங்க, அது இது இல்ல.

அப்ப கெடைக்கிற வரைக்கும் என்ன பண்றது? மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். சிம்மக்கல் பக்கம் சின்ன பட்டறை, 30 வருசமா டூ ஸ்ட்ரோக் பாக்குறவரு. மிஷின வாங்குனதும் டேங்க்ல கொக்கியப் போட்டு பெட்ரோல் டியூப வெளிய இழுத்தாரு. கையில ஒட்டுது, அல்வா மாதிரி கொழகொழன்னு, வளைச்சா பொளந்துக்குது. வாங்கி ஒரு வருசம் ஆகல. "எத்தனால் தம்பி"ன்னாரு. எனக்கு புரியலன்னதும் ஒரு ஒல்லி கண்ணாடி பாட்டில எடுத்து 10 மில்லி தண்ணி ஊத்தி, தண்ணி நிக்கிற எடத்துல பேனால ஒரு கோடு போட்டாரு. அதுக்கு மேல என் கேன்ல இருந்த பங்க் பெட்ரோல், ஆயில் கலக்காதது, 90 மில்லி ஊத்தி மூடி நல்லா குலுக்கி ஜன்னல்ல வச்சாரு. ஒரு டீ குடிச்சுட்டு வந்து பாத்தா தண்ணி கோட்டத் தாண்டி மேல ஏறி நிக்குது, கிட்டத்தட்ட மூணு மடங்கு. தண்ணி பெருகல, பெட்ரோலுக்குள்ள இருந்த எத்தனால் தண்ணியோட சேந்து கீழ எறங்கிருச்சு. இப்ப பங்க்ல வர்றது இ20, அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். என் மிஷின் கூட வந்த புக்க அப்புறம்தான் எடுத்துப் படிச்சேன், 10 சதவீதத்துக்கு மேல எத்தனால் வேண்டாம்னு அதுல தெளிவா போட்டிருக்கு. எத்தனால் காத்துல இருக்குற ஈரத்தையும் இழுக்கும், மழைக்காலத்துல கலந்து வச்ச பெட்ரோல் ஒரு மாசம் கெடந்தா எத்தனாலும் தண்ணியும் கீழ, ஆயில் கலந்த பெட்ரோல் மேலன்னு பிரிஞ்சு நிக்கலாம். டியூப் ஒழுகி, கார்பரேட்டருக்குள்ள இருக்குற டயாஃப்ரம்ங்கிற சவ்வு வெறைச்சு மிஷின் அணைஞ்சு அணைஞ்சு போகும், நாம என்ன பண்ணுவோம், கார்பரேட்டர் ஸ்க்ரூவ இன்னும் தொறந்து விடுவோம், பெட்ரோல் அதிகமாப் போயி அரைகுறையா எரிஞ்சு கார்பன் மோனாக்சைடு இன்னும் கூடும். என் மிஷின் அப்படித்தான் இருந்துச்சு. அவரு டியூப், டயாஃப்ரம், பிளக் மாத்தி, ஏர் ஃபில்டர கழுவி, ஸ்க்ரூவ காதால கேட்டு கேட்டு சரி பண்ணிக் குடுத்தாரு. 900 ரூபாய். அன்னைக்கு சாயங்காலம் தலைவலி பாதியாச்சுன்னா நம்புவீங்களா?

அடுத்தது ஆயில். நாங்க கூல்ட்ரிங்ஸ் பாட்டில் மூடியால ஊத்துவோம், ஒரு லிட்டருக்கு ஏழெட்டு மூடி, "ஆயில் கூட இருந்தா மிஷின் சூடாகாது"ன்னு எங்க பெரியவரு ஒருத்தரு சொன்ன கணக்கு. என் மிஷினுக்கு 50க்கு 1. லிட்டருக்கு 20 மில்லி, அஞ்சு லிட்டருக்கு 100 மில்லி. நாங்க ஊத்துனது ரெண்டு மடங்குக்கும் மேல, அதுவும் லூஸ் ஆயில். இப்ப பிள்ளைக்கு மருந்து குடுக்குற ஊசி இல்லாத சிரிஞ்சு ஒண்ணு டூல் பையிலயே கெடக்கு. ஆயில் டப்பால ஜாசோ எஃப்டின்னு (டூடி ஆயிலுக்கான ஜப்பான் தர முத்திரை) போட்டிருக்கிறதா பாத்து வாங்குறேன், புகை நல்லா கொறையுது. சில மிஷினுக்கு 25க்கு 1, 40க்கு 1ன்னு இருக்கும், அவங்கவங்க மிஷின் புக்க பாத்துக்கங்க, ஆயில ரொம்ப கொறைச்சீங்கன்னா பிஸ்டன் புடிச்சுக்கும். அதே நேரம் கண்ணுக்குத் தெரியிற வெள்ளைப் புகை ஆயில் புகைதான், அது போயிருச்சுன்னு மத்ததும் போயிருச்சுன்னு நெனைக்காதீங்க. கலந்தத ரெண்டு வாரத்துக்கு மேல வைக்கிறதில்ல, மிஞ்சுனா பழைய டிவிஎஸ் 50ல ஊத்திருவோம். தகர கேன்ல மட்டும்தான் வைக்கிறது. தண்ணி பாட்டில்லயும் கூல்ட்ரிங்ஸ் பாட்டில்லயும் கலந்து வைக்கிற பழக்கம் நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு, ஆயில் கலந்த பெட்ரோல் பாக்க ஏதோ ஜூஸ் மாதிரிதான் இருக்கும், வீட்டுல பிள்ளைக இருக்குன்னு நெனைச்சுப் பாருங்க.

வண்டிலருந்து டியூப் போட்டு வாயால உறிஞ்சி பெட்ரோல் எடுக்குறத அறவே விட்டாச்சு. கைப்பம்ப் 80 ரூபாய்தான். பெட்ரோல் நெஞ்சுக்குள்ள ஏறுனா நுரையீரல் வெந்துரும்னு அதே டாக்டர் அம்மாதான் சொன்னாங்க. பலாப்பாலும் மாங்காப்பாலும் ஒட்டுனா கையப் பெட்ரோல்ல கழுவிட்டு அதே கையால சாப்பாட்டுப் பொட்டலத்த பிரிப்போம், தோல் வழியாவும் அது உள்ள போகும்னு தெரியாமத்தான். இப்ப நல்லெண்ணெய் தேச்சு துடைச்சுட்டு சோப்பு போடுறோம். செயினுக்கு லாரி பட்டறைல சும்மா குடுக்குற வேஸ்ட் ஆயில ஊத்திக்கிட்டிருந்தோம், அது செயின் ஓடுற வேகத்துல தூறலா தெறிச்சு சட்டை, மூஞ்சி, மூக்கெல்லாம் படியும். ஓடிக் கருத்துப்போன இன்ஜின் ஆயில் ரொம்ப கெட்டது, தெனம் தோல்ல பட்டா தோல் புற்றுநோய்ல கொண்டு போயி விடலாம். காசு மிச்சம்னு நெனைச்சு அந்த கருமத்த எத்தனை வருசம் ஊத்திருக்கோம்னு நெனைச்சாலே எனக்கு கோவம் வருது.

வேலையில பெரிய மாத்தம் காத்துப் பாக்குறதுதான். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பிடி மண்ணத் தூவி காத்து எங்கிட்டு அடிக்குதுன்னு பாத்து, புகை நம்மள விட்டுப் போற பக்கமா நின்னுக்கிறோம். சைலன்சர் எந்தப் பக்கம் துப்புதுன்னு ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு தடவை பாத்து வச்சுக்கிட்டா போதும். தென்னந்தோப்புக்குள்ள, கருவேலங்காட்டுக்குள்ள காத்து புரளாம கெடக்கும், அங்க இருபது நிமிசத்துக்கு ஒருக்கா ஆள் மாத்துறோம். ஐடில்ல ஓட விட்டுட்டு பேசிக்கிட்டு நிக்கிறது கெடையவே கெடையாது. செயின காலையிலயும் மத்தியானமும் அரம் போட்டு தீட்டுறோம், மொட்டைச் செயின்ல பத்து நிமிசம் அறுக்குறது தீட்டுன செயின்ல நாலு நிமிசம், மிச்ச ஆறு நிமிசப் புகை மூக்குக்குள்ள போகல. ஈரத்துண்டு கட்டிக்கிட்டா போதும், கொரோனா மாஸ்க் போட்டா போதும்னு சில பேரு சொல்றாய்ங்க. அதெல்லாம் மரத்தூளுக்குத்தான் ஆகும். வாயுவ அது தடுக்காது.

தலை வலிச்சா, கொமட்டுனா, கண்ணு சொக்குனா உடனே மிஷின அமத்திட்டு தள்ளிப் போயி உக்காரணும், செட்டுல யாரும் அத கிண்டல் பண்ணக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம். மொதல்ல சின்னவன்தான் தயங்குவான், சம்பளத்துல பிடிப்பாங்களோன்னு. பிடிக்க மாட்டேன்னு அவங்க அம்மா முன்னாடி வச்சு சொன்னேன்.

போன மாசம் சாத்தையாறு அணைக்குப் பக்கத்துல இன்னொரு கெணறு வந்துச்சு, இதுவும் சுவர்ல ஆலமரம். ஓனர்கிட்ட மொதல்லயே சொல்லிட்டேன், பெட்ரோல் மிஷின் உள்ள எறங்காது, பேட்டரி மிஷின் வாடகைக்கு எடுக்கணும், மிச்சத்துக்கு கைவாள்தான், ஒரு நாள் வேலை ரெண்டு நாள் ஆகும், கூலியும் அதுக்குத் தக்கனன்னு. அவரு கொஞ்சம் மொனகுனாரு, அப்புறம் சரின்னுட்டாரு. ரெண்டு நாள் ஆச்சு. கடைசி வேர கைவாளால அறுத்தது சின்னவன்தான், இடுப்புல கயிறு, மேல நாங்க ரெண்டு பேரு பிடிச்சுக்கிட்டு ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா டேய் டேய்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தோம், அவனும் சலிக்காம ஒவ்வொரு தடவையும் "இருக்கேண்ணே"ன்னு குரல் குடுத்துக்கிட்டே இருந்தான்.